தம்பி பீஸுக்கு நீ லோன் போட வேண்டாம் கண்ணு

கண்ணு,

போன்ல பேசினா பாதியிலயே "நான் பாத்துக்கறேன்மா"ன்னு வெச்சிடறே, அதனால டைப் பண்ணியே அனுப்பறேன், ஆபீஸ் விட்டு வந்து சாப்பிட்டுட்டு நிதானமா படி. தம்பிய கோயமுத்தூர்ல அந்த காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டால கம்ப்யூட்டர் சயின்ஸ் சேக்கறதுக்கு நீ பர்சனல் லோன் போடப் போறேன்னு மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். போடாத சாமி. இது நானும் உங்கப்பாவும் சேந்து பேசி எடுத்த முடிவு.

அவனுக்கு கவுன்சிலிங்ல சித்தோடு அரசு இன்ஜினியரிங் காலேஜ்ல ட்ரிபிள் ஈ, அதான் எலக்ட்ரிகல் பிரிவு, கெடச்சிருக்கு. 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வந்த சீட்டு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்ச பசங்களுக்குத்தான் அது, 2020-ல மெடிக்கலுக்கு கொண்டு வந்தாங்க, 2021-ல இன்ஜினியரிங், அக்ரி, சட்டம்னு எல்லாத்துக்கும் விரிச்சாங்க, படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூணும் அரசாங்கமே ஏத்துக்குது. அதுக்கு மேல தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூவா அவன் அக்கவுண்ட்டுக்கே வரும். பவானில பஸ் ஏறினா சித்தோடு என்ன தூரமா, வீட்டுச் சோறு சாப்பிட்டுட்டே போய்ட்டு வந்துருவான்.

இத விட்டுட்டு வருசத்துக்கு மூணு லட்சத்துக்கு மேல பீஸ், சேரும்போது பில்லு இல்லாம தனியா ஒரு தொகை, இதெல்லாம் எதுக்கு? அந்தத் தனித் தொகைய வாங்கக் கூடாதுன்னு தமிழ்நாட்டுல 1992-லயே சட்டம் போட்டாச்சு. சட்டத்துக்குப் பயந்துட்டுத்தான் பில்லு தர மாட்டேங்கறாங்க. நீ ராத்திரி பகல்னு பாக்காம சம்பாதிச்ச காச அப்படி ஒருத்தன் கையில கொண்டு போய் கொடுக்கறத என்னால நெனச்சுக்கூடப் பாக்க முடியல.

உன்ற படிப்புக்கு யாரு எவ்வளவு போட்டாங்கன்னு நீ மறந்திருக்க மாட்டே. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விஏஓ ஆபீஸ், ஆர்ஐ, தாலுக்கா ஆபீஸ்னு நான்தான் அலைஞ்சேன், தாத்தா பாட்டி ஸ்கூல் பக்கமே போகல, அப்பா எட்டாவது, நான் பத்தாவது, இந்த வீட்டுல யாருமே டிகிரி முடிக்கலன்னு உறுதிமொழி எழுதி நீயும் அப்பாவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க. 2010-ல வந்த சலுகை அது, உன் பீஸ்ல ஒரு பங்கு அப்படிக் கழிஞ்சுது. பஸ்ஸு, புஸ்தகம், எக்ஸாம் பீஸு இதெல்லாம் அப்பா தறியில இருந்து வந்துச்சு. மிச்சத்துக்குத்தான் பேங்க் லோன். 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேக்கக் கூடாதுன்னு ரூல் இருந்தும் அந்த மேனேஜர் வீட்டுப் பத்திரம் கொண்டாங்கன்னு சொன்னாரு, அத அப்படியே எழுத்துல கொடுங்க சார், நான் மேல காட்டிக்கறேன்னு கேட்டதுக்கு அப்புறம்தான் அப்ளிகேசனயே வாங்கினாரு. வருமானச் சான்று வருசா வருசம் கொண்டு போய்க் கொடுத்ததுல படிக்கற காலத்து வட்டிய மத்திய அரசு கட்டுச்சு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா அது உண்டு. அசல நீ வேலைக்குப் போய்த்தான் கட்டினே, போன வருசம் முடிச்சே.

அரசாங்கம் ஒரு பங்கு, பெத்தவங்க ஒரு பங்கு, படிச்சவ சம்பாதிச்சு ஒரு பங்கு. இந்த வரிசை சரின்னுதான் எனக்குத் தோணுது. யாரு படிக்கறாங்களோ அவங்க கடைசியில ஒரு பங்கு கட்டறதுல தப்பே இல்ல, படிப்பு அவங்களோட தான இருக்கப் போகுது. ஆனா இந்த வரிசையில அக்காவுக்கு எடமே இல்ல கண்ணு. மூத்த பொண்ணு சம்பாதிச்சா சின்னவங்கள அவதான் கரையேத்தணும்னு நம்ம ஊர்ல ஒரு வழக்கமாவே ஆயிப்போச்சு. நம்ம தெருவுலயே பாத்திருக்கே, தம்பி படிப்பு, தங்கச்சி கல்யாணம்னு கட்டிக் கட்டி முப்பத்தஞ்சு வயசுல கையில ஒண்ணும் இல்லாம நின்னவங்கள. அந்தக் குடும்பத்துல யாரும் கெட்டவங்க இல்ல, அந்தப் பொண்ணு தானாத்தான் முன்ன வந்து நின்னுச்சு, யாரும் வேண்டாம்னு சொல்லல, அவ்வளவுதான். நான் வேண்டாம்னு சொல்றேன்.

கணக்கும் பாத்துக்க. கல்விக் கடன்னா படிப்பு முடிஞ்சு ஒரு வருசம் வரைக்கும் கட்ட வேண்டியதில்ல. பர்சனல் லோனுக்கு அடுத்த மாசமே ஈஎம்ஐ ஆரம்பிச்சுரும், வட்டியும் அதிகம். உன் லோனுக்கு வருமான வரிச் சட்டத்து 80இ பிரிவுல வட்டியக் கழிச்சுட்டு டாக்ஸ் கட்டுனேன்னு சொன்னே இல்ல, அது தனக்கு, வீட்டுக்காரருக்கு, பெத்த பிள்ளைக்கு எடுக்கற கல்விக் கடனுக்குத்தான், தம்பிக்குன்னா கெடையாது, பர்சனல் லோனுக்கு எப்பவுமே கெடையாது. அதாவது நாலு வருசம் அவன் படிப்பான், நீ அதுக்கும் மேல கட்டிட்டு இருப்பே, நடுவுல உனக்கு வேலை மாறணும்னு தோணினாலும் ஈஎம்ஐய நெனச்சுட்டு அங்கயே இருந்துக்குவே.

காசு கட்டாம ஓசில கெடச்ச சீட்டுக்கு மதிப்பில்ல, காசு கட்டினாத்தான் பசங்க ஒழுங்கா படிப்பாங்கன்னு மாமா சொல்றாரு. இத கேட்டு எனக்குக் கோவம் வந்துருச்சு. ஓசி எங்கிருந்து வந்துச்சு? உங்கப்பா வாங்கற பல பொருள்ல ஜிஎஸ்டி போகுது, உன்ற சம்பளத்துல மாசா மாசம் பிடிக்கறாங்க, தெருவுல பூக்கட்டற அக்கா சோப்பு வாங்கினாலும் அதுல வரி இருக்கு. எல்லாரும் போட்ட காசுல படிக்கற பையன் நாளைக்கு எல்லாருக்கும் கரண்ட் கொடுக்கற வேலைக்குப் போவான், இது நியாயமான கொடுக்கல் வாங்கல் தான. டியூஷன் இல்ல, ஏசி ரூம் இல்ல, எழுபது பேரு உக்காந்த கிளாஸ்ல படிச்சு கட்ஆஃப் எடுத்தான் அவன். அந்தச் சீட்ட விட்டுக் கொடுக்கச் சொல்றதுக்கு யாருக்கும் உரிமை இல்ல, உனக்கும் சேத்துத்தான் சொல்றேன். இன்னும் சொல்லப் போனா இந்த மாதிரி அரசு காலேஜ் ஊருக்கு ஊரு இருக்கணும், இல்லாததுனாலதான் ஜனங்க நகைய வெச்சு தனியார் காலேஜ்ல சேக்கறாங்க, அதுக்கு அரசாங்கத்தத்தான் கேக்கணும், வீட்டுல சம்பாதிக்கற பொண்ணுகிட்ட கேக்கக் கூடாது.

நீ ஏன் இப்படிப் பண்ணறேன்னு எனக்குப் புரியுது. நீ கேட்ட பிரிவு உனக்குக் கெடைக்கல, அது அவனுக்கு நடக்கக் கூடாதுன்னு நெனைக்கறே. ஆனா சிவில் படிச்ச நீ இன்னைக்கு அதே சிவில்ல பாலம் டிசைன் பண்ணிட்டிருக்கே, போன தடவ வந்தப்ப காலிங்கராயன் வாய்க்கால் பாலத்து மேல நின்னுட்டு எந்தத் தூணு எவ்வளவு எடை தாங்கும்னு அவனுக்குச் சொல்லிட்டிருந்தே, அவன் வாயப் பொளந்துட்டு கேட்டுட்டு இருந்தான். ட்ரிபிள் ஈ படிச்சுட்டு அவனுக்குப் பிடிக்கலைன்னா அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் போகட்டும், எத்தன பேரு போறாங்க.

கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக் போனா மாசம் 12,400 ஸ்டைபண்ட் தராங்கன்னு நீதான் எனக்குச் சொன்னே, புஸ்தகம் கூட வாங்கி வெச்சே, லோன் முடியட்டும்மான்னு தள்ளிட்டே வந்தே. லோன் முடிஞ்சுது. இப்ப என்ன? இன்னொரு லோன் போட்டுட்டு இன்னொரு நாலு வருசம் தள்ளப் போறியா? எழுது. அதுக்கு கோச்சிங் சேரணும்னா அந்தப் பீஸ நாங்க கட்டறோம், நெசமாத்தான் சொல்றேன், நாங்க மாசா மாசம் கட்டற சீட்டுப் பணம் ஐப்பசில வருது.

தம்பி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத்தான் இருக்கான், அக்காவே சரின்னுட்டா நீ ஏம்மா தடுக்கறேங்கறான். அவனுக்கு நான் சொன்னா ஏறாது, நீ சொல்லு. சீட்ட அக்செப்ட் பண்ண நாள் கொஞ்சம்தான் இருக்கு, விட்டா போயிரும். மாமாகிட்ட அப்பா பேசிக்குவாரு. அந்த காலேஜுக்கு அட்வான்ஸ்னு எதையும் ஜிபே பண்ணிராத, பேங்க்காரங்க போன் பண்ணினா லோன் வேண்டாம்னு சொல்லிரு, ராத்திரி எத்தன மணி ஆனாலும் தம்பிக்கு ஒரு போன் போடு.

அம்மா