சம்பளம் யாருக்கு முதலில்?

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் கிடைத்தது. உன்னை நம்ம ஊர்க் கால்பந்துக் கிளப் செயலாளர் ஆக்கிவிட்டார்கள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பந்தைக் கடலுக்குள் அடித்துவிட்டு அடுத்தவனை நீந்தச் சொன்ன ஆளிடம் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள்! வாழ்த்துகள் மக்கா. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி சொன்னாள், சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது தகராறு செய்கிறது.

சரி, கிளப்பில் முதலில் யாருக்குச் சம்பளம் போடலாம் என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வளைகுடாவில் இருக்கும் நம்ம பையன்கள் பணம் திரட்டித் தருகிறார்கள். கூடவே "இனி எல்லாம் புரொஃபஷனலாக நடக்கணும், சம்பளத்துக்கு ஒரு மேனேஜர் போடுங்க" என்கிறார்கள். பழைய கமிட்டிக்காரர்கள் "ஊர் கிளப்பில் சம்பளமா?" என்று முறைக்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டு பக்கமும் பாதி சரி, பாதி அவசரம்.

பெரியவர்களிடம் சொல், இங்கிலாந்திலும் நூறு வருடம் இதே முறைப்புத்தான். ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்கலாம் என்று கால்பந்துச் சங்கம் 1885இலேயே ஒத்துக்கொண்டது. ஆனால் கிளப்பை நடத்தும் இயக்குநர்கள் காசு வாங்கக் கூடாது என்ற விதி 1981 வரை இருந்தது. களத்தில் ஓடுகிறவன் கூலிக்காரன். மேலே உட்கார்ந்திருப்பவர் உள்ளூர்க் கடை முதலாளியோ கட்டட ஒப்பந்தக்காரரோ, கௌரவத்துக்காக வருகிறவர். பல கிளப்களில் அணியைப் பொறுக்கியதும் அவர்கள்தான். நாட்டு அணிக்கே ஒரு கமிட்டிதான் ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. 1963இல் பொறுப்பேற்ற ஆல்ஃப் ராம்சே, அணியை நான் மட்டும்தான் தேர்ந்தெடுப்பேன் என்று நிபந்தனை போட்டுத்தான் வந்தார். 1966இல் உலகக் கோப்பை. (திருவிழாக் கோப்பைக்கு டீம் எடுக்கிற ராத்திரி நம்ம கமிட்டியில் நடக்கும் சண்டை ஞாபகம் இருக்கிறதா? ஊருக்கு ஊர் இதே கதை.)

அப்புறம் 1983இல் லண்டன் கிளப்பான டோட்டன்ஹாம் பங்குச் சந்தைக்குப் போனது, 1992இல் உச்ச டிவிஷனாகப் பிரீமியர் லீக் வந்தது, டிவி பணம் கொட்டியது. அந்தக் கதையெல்லாம் உனக்குத் தெரியும். பணம் வந்த வேகத்தில் நிர்வாகம் வளரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கோடிகளை வைத்துக்கொண்டு, பயிற்சியாளருக்குப் பிடித்த ஏஜென்ட் சொன்ன ஆளை வாங்குகிற பழக்கம் ரொம்ப நாள் தொடர்ந்தது. பயிற்சியாளரைத் தூக்கினால், அவர் வாங்கிய ஆட்கள் எல்லாம் புதியவருக்கு வேண்டாத சுமை.

நான் டிக்கெட் வாங்கிப் போகும் லண்டன் கிளப்பான பிரென்ட்ஃபோர்டையே எடுத்துக்கொள். வீட்டிலிருந்து ஒரே பஸ். பழைய மைதானமான கிரிஃபின் பார்க்கில் நான்கு மூலைக்கும் ஒரு மதுக்கடை உண்டு. அதுதான் அந்தக் கிளப்பின் உலகப் புகழ். 1947இல் அப்போதைய உச்சமான முதல் டிவிஷனிலிருந்து இறங்கியவர்கள் 2021 வரை திரும்ப ஏறவில்லை. நடுவில் காசில்லாமல் தள்ளாடியபோது, 2006இல், பீஸ் யுனைடெட் என்ற ரசிகர் சங்கம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அவர்களுக்குப் பின்னால் நின்று பணம் கொடுத்தவர் மேத்யூ பென்ஹம். சின்ன வயதிலிருந்தே அந்த அணியின் ரசிகர், ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்தவர், பந்தயம் கட்டிச் சம்பாதித்தவர். 2012இல் கிளப் அவர் கைக்கு வந்தது.

லீக் அட்டவணை பொய் சொல்லும் என்பது அவருடைய கட்சி. ஒரு கோல் அதிர்ஷ்டத்தில் விழும்; ஆனால் வாராவாரம் நல்ல வாய்ப்புகளை உண்டாக்குவதும் எதிரிக்குக் கொடுக்காமல் இருப்பதும் அதிர்ஷ்டத்தில் நடக்காது. அதை எண்ணினார்கள். ஆள் எடுப்பதும் அந்தக் கணக்கின்படிதான். எக்ஸெட்டரில் கீழ் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த ஆலி வாட்கின்ஸை 2017இல் சொற்பக் காசுக்கு எடுத்து, 2020இல் சுமார் 28 மில்லியன் பவுண்டுக்கு ஆஸ்டன் வில்லாவிடம் விற்றார்கள். பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதியில் ஃபுல்ஹாமிடம் தோற்று நொந்திருந்த மாதங்கள் அவை. இனி அவ்வளவுதான் என்று என் பக்கத்து சீட்காரர் சொன்னார், நானும் தலையாட்டினேன். அவர்களோ பீட்டர்பரோவிலிருந்து ஐவன் டோனியைக் கொண்டுவந்தார்கள். அந்த சீசனில் லீக்கில் மட்டும் 31 கோல். மே மாதம் வெம்ப்ளியில் ஸ்வான்சியை 2-0 என்று முடித்து மேலே போய்விட்டார்கள். அடுத்த ஆள் யார் என்பதை, இருக்கிற ஆள் போவதற்கு முன்பே தேடிவைத்திருப்பார்கள் என்று பிறகுதான் புரிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அதே டோனிக்கு 2023இல் பந்தய விதிகளை மீறியதற்காக எட்டு மாதம் தடை. முதலாளிக்குப் பந்தயத்தில்தான் பிழைப்பு, அப்போது சட்டையின் முன்பக்கத்தில் பந்தயக் கம்பெனி விளம்பரம். சட்டப்படி எல்லாம் சரிதான், ஆனாலும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கார்னர், ஃப்ரீகிக்குக்கென்றே தனிப் பயிற்சியாளர் வைத்தபோதும் பலர் கிண்டல் செய்தார்கள். அங்கே அந்த வேலை பார்த்த நிக்கோலா ஜோவர் பிறகு மான்செஸ்டர் சிட்டிக்கும் ஆர்சனலுக்கும் போனார். இன்று பெரிய கிளப்கள் எல்லாம் அப்படி ஒருவரைத் தேடுகின்றன. 2025இல் தலைமைப் பயிற்சியாளர் தாமஸ் ஃபிராங்க் டோட்டன்ஹாம் போனதும், பெரிய பெயர் எதையும் தேடாமல், அந்தக் கார்னர், ஃப்ரீகிக் பயிற்சியாளராக இருந்த கீத் ஆண்ட்ரூஸையே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கிளப் ஆடுகிற விதம் மாறக் கூடாது என்பதுதான் கொள்கை. "புரொஃபஷனல்" என்று பையன்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சறுக்கலும் உண்டு. 2015இல் அணியை இரண்டாம் டிவிஷனில் ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுபோன பயிற்சியாளர் மார்க் வார்பர்ட்டனோடு ஒத்துப்போகாமல் பிரிந்தார்கள். அடுத்து வந்த டச்சுப் பயிற்சியாளர் செப்டம்பரிலேயே வீட்டுக்குப் போனார். கேலரியில் அன்று கேட்ட வசவுகளை எழுத முடியாது. கணக்குப் போடுகிறவர்களுக்கும் கணக்குத் தப்பும்.

இப்போது மறுபக்கம். பரி என்ற கிளப் 1894இலிருந்து லீக்கில் இருந்தது, இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றது. 2018 கடைசியில் அது ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அந்த சீசனில் அணி டிவிஷன் ஏறியும்விட்டது! ஆனால் கடனை அடைக்க வழி இருப்பதைக் காட்ட முடியாமல் 2019 ஆகஸ்டில் லீக்கை விட்டே நீக்கப்பட்டார்கள். ஆட்டக்காரர்கள் செய்யவேண்டியதைச் செய்தார்கள். ஊர்க்காரர்களுக்குக் கதவை மூடுவதைத் தடுக்க ஓர் ஓட்டுக்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் விழித்தது. கால்பந்துக்கென ஒரு சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு வைக்கும் சட்டம் 2025இல்தான் நிறைவேறியது.

மான்செஸ்டர் யுனைடெட்டையும் பார். நிர்வாகத்தைச் சீர்திருத்துகிறோம் என்று வந்தவர்கள், நியூகாசிலோடு மாதக்கணக்கில் பேரம் பேசிக் கொண்டுவந்த விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த்தை, 2024 ஜூலையில் சேர்த்து டிசம்பரில் அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கான ஊழியர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு இலவச மதியச் சாப்பாட்டை நிறுத்திப் பழம் கொடுத்தார்கள். சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பதைச் சீர்திருத்தம் என்று நம்மூர்ச் சர்ச்சின் பங்குப் பேரவையில் சொல்லிப் பார், என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும்.

பிரென்ட்ஃபோர்டில் எனக்கு மிகவும் பிடித்தது கம்ப்யூட்டர் கணக்கு அல்ல. பங்கை பென்ஹமிடம் கொடுத்தபோது ரசிகர் சங்கம் ஒரு சிறப்புப் பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மைதானத்தை விற்பது போன்ற காரியங்களில் முதலாளி நினைத்தபடி செய்துவிட முடியாது. அவர் நல்லவர், ரசிகர். அப்படியும் அந்தப் பூட்டைப் போட்டார்கள்.

ஆகவே என் யோசனை. மேனேஜர் இப்போதைக்கு வேண்டாம். முதல் சம்பளம் கணக்கு எழுத ஒருவருக்கு, பகுதி நேரமாக இருந்தாலும் போதும். இரண்டாவது, சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் நம்ம அண்ணனுக்கு. மணலில் நின்று தொண்டை கிழியக் கத்தி, பஸ் காசும் தன் பையிலிருந்து போடுகிற மனிதருக்கு முதலில் கொடுக்காமல் வெளியாளுக்குக் கொடுத்தால் கமிட்டிக்காரர்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டு. பிள்ளைகள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு நோட்டு எழுதச் சொல்: எந்தக் கால், எந்த இடம், காயம் என்ன. நீ செயலாளர் பதவியை விட்டுப் போனாலும் அந்த நோட்டு அலமாரியில் இருக்கும்.

மைதானத்தை எழுதிக் கொடுப்பது, கிளப்பின் பெயரை மாற்றுவது, பெரிய கடன் வாங்குவது, இந்த மூன்றுக்கும் பொதுக்குழுவில் முக்கால்வாசிப் பேர் கை தூக்க வேண்டும் என்று சட்டவிதியில் சேர். பணம் தருகிற பையன்களுக்கும் இது பிடிக்கும், எடுத்துச் சொன்னால். முதல் காசோலையை வங்கியில் போடுவதற்கு முன்னால் செய்துவிடு, பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

பதிவு செய்த பழைய சட்டவிதி யாரிடமாவது இருந்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எந்த இடத்தில் எதைச் சேர்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதித் தருகிறேன். ஜனவரியில் வருவதாக இருக்கிறோம், டிக்கெட் இன்னும் போடவில்லை.

அன்புடன்,
ஆரோக்கியம்