அறச்சலூர்க் கல்லில் 25 அசை

ஈரோடு மாவட்ட அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும்,

வணக்கமுங்க.

மொடக்குறிச்சிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறவன் நான். கொஞ்ச நாள் முன்பு ஒரு பள்ளிக்குப் போய், கணினிகள் இருக்கிற ஹைடெக் லேப்பில் வாரம் ஒரு பீரியடு இசை விளையாட்டுக்கு விடுங்கள் என்று கேட்டேன். "வீட்ல போனைப் புடுங்கறதுக்கே அப்பனாத்தா படற பாடு பத்தாதுங்களா, இங்கயும் கேமுங்களா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேனுங்க.

நம் அறச்சலூர் நாகமலைக் குகையில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். கல்வெட்டு ஆய்வாளர் புலவர் செ. இராசு கண்டெடுத்தது. வரிக்கு ஐந்தாக ஐந்து வரி, மொத்தம் 25 அசை. முதல் வரி 'த தை தா தை த'. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும், ஓரத்தில் மேலிருந்து கீழே இறங்கினாலும் அதேதான். ஆடலுக்கான சொற்கட்டு என்கிறார்கள். இந்த எழுத்தைக் கோத்தவர் தேவன் சாத்தன் என்று பெயரும் வெட்டியிருக்கிறது; மணிய் வண்ணக்கன், அதாவது மணியின் தரம் பார்த்துச் சொல்கிறவர். (பாட்டு வாத்தியார் என்று எங்கும் இல்லை. எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.)

இதே மாதிரிக் கட்டம்தான் கூகுளின் குரோம் மியூசிக் லேப் என்ற இணையதளத்தில் 2018-ல் வந்த சாங் மேக்கர். காசு கிடையாது. குறுக்கே காலம், நெடுக்கே சுரம், அடியில் தாளம். கட்டத்தைத் தொட்டால் ஒலிக்கும். ஒரு சுற்றுக்கு எத்தனை எண்ணிக்கை என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஏழு என்று வைத்து, ஒன்றிலும் நான்கிலும் தட்டு விழ வைத்தால் 'தகிட தகதிமி'. ஊரில் வள்ளி கும்மி ஆடுகிற ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நான்குக்குப் பதில் ஐந்தில் வைத்துவிட்டாள். ஓடவிட்டுக் கேட்டாள், காலைத் தட்டிப் பார்த்தாள். "சார், இது தகதிமி தகிடன்னு திரும்பிருச்சுங்க" என்றாள். முதலில் வைத்த 'தகிட தகதிமி'த் தாளத்துக்கு மிஸ்ர சாப்பு என்ற பெயரை அதற்கப்புறம்தான் சொன்னேன். பெயரை முதலில் சொல்லியிருந்தால் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு போயிருப்பாள்.

இன்னொன்று, கறுப்புக் கட்டை விளையாட்டு. திரையில் வருகிற எந்தக் கீபோர்டும் போதும். கறுப்பு ஐந்தை மட்டுமே தொட வேண்டும். மூன்றாகச் சேர்ந்திருப்பதில் முதல் கட்டையை 'ச' என்று வைத்தால் மோகன ராகம், இரண்டாவதை வைத்தால் மத்தியமாவதி, மூன்றாவது இந்தோளம். இரண்டாகச் சேர்ந்திருப்பதில் முதலாவது சுத்த சாவேரி, அடுத்தது சுத்த தன்யாசி. அதே ஐந்து கட்டைதான், வீடு மட்டும் மாறுகிறது. ஒருவன் வாசிக்க, மற்றவர்கள் 'ச' எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். 'ச'வை இடம் மாற்றி வேறு ராகம் காட்டுகிற கிரக பேதம் என்று பெரிய வித்வான்கள் மேடையில் செய்கிறார்களே, அதன் அடிப்படை இதுதானுங்க.

மேலிருந்து கட்டை கட்டையாய் விழ, நேரத்துக்கு அழுத்திப் பாயிண்டு வாங்குகிற கேம்களை நான் கேட்கவில்லை. அதில் விரலுக்கு மட்டும்தான் வேலை. தோடி ராகத்தில் காந்தாரம் என்ற 'க' சுரம் அசைகிற அசைவு எந்தக் கட்டத்திலும் அடங்காது. அதற்கு ஆள்தான் வேண்டும். அதனால் பகுதிநேர இசை ஆசிரியர் இருக்கிற பள்ளியில் இந்த பீரியடை அவர் கையிலேயே கொடுங்கள். கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று அவரை நிறுத்திவிட்டால், இந்த மடலை எழுதிய பாவம் எனக்கு வரும்.

நெட் இழுக்காத ஊரில் ஜிகாம்ப்ரி (GCompris) என்ற இலவச மென்பொருள் போதும், அதில் பியானோப் பயிற்சிகள் இருக்கின்றன. ப்ளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். தட்டுவது ஒரு நேரம், சத்தம் வருவது ஒரு நேரம் என்று ஆகி, தாளம் கற்க வந்த பிள்ளை தாளத்தையே சந்தேகப்படும். எல்லாருக்கும் ஹெட்போன் இல்லாவிட்டால், பாதிப் பேர் கணினியில், பாதிப் பேர் கைத்தாளத்தில்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு சும்மா கிடக்கிற பள்ளி எதுவாக இருந்தாலும் சொல்லியனுப்புங்க. ஆறு வாரம் பார்க்கலாம். வயர் வைத்த ஸ்பீக்கரை நானே டிவிஎஸ் 50-ல் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு திண்ணைக் கீபோர்டு வாத்தியார்