சிரிக்காத கதாநாயகர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இப்போது வரும் படங்களில் கதாநாயகர்கள் சிரிப்பதே இல்லை. தாடி, அரிவாள், முறைப்பு. கும்பகோணத்தில் பேரனோடு ஒரு படம் பார்த்தேன். கடைசிவரை நாயகனின் பல்லையே பார்க்க முடியவில்லை.

இளவயதில் ஆடுதுறைப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் முறுக்கு விற்றவன் நான். திரைக்குப் பக்கவாட்டில்தான் நிற்க விடுவார்கள். அதனால் படத்தைவிட, வெளிச்சம் விழுந்த சனங்களின் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். 'புன்னகை அரசி' கே.ஆர்.விஜயா சிரித்தால் பெண்கள் பக்கம் மொத்தமும் தன்னை அறியாமல் சிரிக்கும். வில்லன் பி.எஸ்.வீரப்பா சிரித்தால் பிள்ளைகள் அம்மா மடிக்குள் போய்விடும்.

'காதலிக்க நேரமில்லை' (1964) கதையே வேறு. நாகேஷ் சினிமாக் கதை சொல்ல, பாலையா அரண்டுபோய்க் கேட்பாரே, அதில் இரண்டு பேருமே சிரிக்க மாட்டார்கள். மணல் தரையில் இருந்தவர்கள்தான் உருண்டுகொண்டிருப்பார்கள். அடுத்த வசனம் யாருக்கும் கேட்காது. அதைக் கேட்பதற்கென்றே மறுநாளும் வருவார்கள். எனக்கு வியாபாரம்!

இன்று வீட்டில் ஆளுக்கொரு செல்போன். அதே காட்சியைப் பேரன் பார்க்கிறான். மூக்கு வழியாக ஒரு மூச்சு விடுவதோடு சரி.

உங்கள் பட விமர்சனத்தில் சண்டை, இசை, ஒளிப்பதிவு எல்லாம் வருகிறது. அரங்கில் சனங்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்றும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். யாருமே சிரிக்கவில்லை என்றால் அதையும் போடலாம்.

– ஒரு வாசகர், திருவிடைமருதூர்