விவாதத்துக்குப் போகுமுன்

அன்பு நண்பா,

குறுவை நெல் இன்னும் கொள்முதல் நிலைய வாசலில்தான் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றிப் பேசச் செய்திச் சேனலில் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்றும் கேட்டிருக்கிறாய். போ. ஆனால் அங்கே உரையாடல் நடக்கும் என்று நம்பிப் போகாதே.

கணக்கைப் பார். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விதிப்படி 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். மிச்சம் 48. நெறியாளரின் முன்னுரை, கேள்விகள், நடுவே ஓடும் காட்சிகள் இன்னொரு 12ஐத் தின்னும். நான்கு பேர் என்றால் ஆளுக்கு 9 நிமிடம், அதுவும் ஒன்றரை நிமிடத் துண்டுகளாக. நிலையம் வாங்கும் நெல்லுக்கு ஈரப்பத வரம்பு ஏன் 17 சதவீதம், அதைத் தாண்டிய நெல் அடுக்கில் சூடேறிப் பூஞ்சணம் பிடிப்பது எப்படி, மழைநாளில் களத்தில் காயவைக்க வழியில்லாதவன் என்ன செய்வான், உலர்த்தும் இயந்திரம் ஏன் நிலையத்திலேயே இல்லை என்று கோத்துச் சொல்ல ஐந்து நிமிடமாவது குறுக்கீடில்லாமல் வேண்டும். உனக்குக் கிடைப்பதோ, "வரம்பை 22 ஆக்கணுமா, வேண்டாமா?"

நெறியாளரைத் திட்டிப் பயனில்லை. நிகழ்ச்சியை இயக்கும் கட்டுப்பாட்டு அறையான பி.சி.ஆரிலிருந்து அவர் காதுக்குள் "பிரேக்குக்கு முப்பது செகண்ட்" என்று ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கும். நீ சொல்வதில் பாதிதான் அவருக்கு ஏறும்.

வீட்டிலிருந்து வீடியோ அழைப்பில் பேச ஒப்புக்கொள்ளாதே. குரல் போய்ச்சேர அரை நொடி பிந்தினாலே போதும். நீ முடித்துவிட்டாய் என்று நினைத்து நெறியாளர் கேள்வியைத் தொடங்குவார். அது உன் காதுக்கு வருமுன் நீ அடுத்த வாக்கியத்தில் இருப்பாய். இருவரும் நிறுத்துவீர்கள், மறுபடி இருவரும் ஒன்றாகத் தொடங்குவீர்கள். பார்ப்பவர்களுக்கு அது சண்டை. ஸ்டூடியோவில் இருப்பவர் கையை உயர்த்தியாவது இடம் பிடிப்பார்.

2006இல் தொடங்கிய 'நீயா நானா' மாதிரிப் பதிவு நிகழ்ச்சி வேறு ரகம். கட்சி சாராத மனிதர்கள் தங்கள் வீட்டு விஷயத்தைப் பேசுவதால் சில நேரம் உண்மை பளிச்சென்று வந்துவிடும். ஆனாலும் எதிரெதிரே இரண்டு வரிசை. இரண்டுங்கெட்டானாக யோசிப்பவருக்கு அங்கே நாற்காலி இல்லை. எதைக் காட்டுவது என்பதும் எடிட்டிங்கில்தான் முடிவாகும்.

பிரிட்டனில் 1987இல் சேனல் 4 'ஆஃப்டர் டார்க்' என்று ஒன்றை நடத்தியது. நள்ளிரவு நேரலை, சோபாக்கள், முடியும் நேரம் என்று எதுவும் குறிக்கவில்லை. கடிகாரம் துரத்தாததால் ஒருவர் சொன்னதை யோசித்து இன்னொருவர் பதில் சொல்ல முடிந்தது. விளம்பரக்காரர்கள் தூங்கும் நேரம் என்பதால்தான் அதை விட்டுவைத்தார்கள் என்பது என் சந்தேகம்.

ஒப்புக்கொள்ளுமுன் அழைத்தவரிடம் எத்தனை பேர், யார் யார், திரையில் போடப்போகும் தலைப்பு என்ன என்று கேட்டுவிடு. இரண்டு கட்சிப் பேச்சாளர்கள் இருந்தால் நீ வெறும் பார்வையாளன்தான். எப்படியானாலும் உலர்த்தும் இயந்திரத்தை முதல் வாய்ப்பிலேயே சொல்லிவிடு. "அப்புறம் வரேன்" என்பார்கள், வரமாட்டார்கள். பொடிக்கட்டம் போட்ட சட்டை வேண்டாம், கேமராவில் நெளியும்.

தேதி தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்