வரவு இல்லாத ராசா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு கடிதப் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்ததைப் படித்தேன். பேரன் கூட்டாளிமாரோடு மேசையைச் சுற்றியிருந்து பகடை உருட்டி, அரக்கன் மந்திரவாதி என்று இரவு பத்து மணிவரை கதை பேசுகிறான், அதிலும் கெட்டவனைப் பற்றித்தான் எந்நேரமும் பேச்சு, இது எங்கே போய் முடியுமோ என்று கவலைப்பட்டிருந்தார். அந்தப் பேரன் எங்கள் மேசைக்கு வருகிறவன் இல்லை (வந்தால் எட்டு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்). ஆனாலும் பதில் சொல்லவேண்டிய ஆட்களில் நானும் ஒருவன். மூன்று வருடமாக மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் இதே விளையாட்டைத்தான் நடத்துகிறேன், மாதத்தில் பாதி நாள் அந்தக் கெட்டவனைப் பற்றித்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்ற விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார், அவரை டீஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒரு காரியம் பலித்ததா இல்லையா என்பதை 20 முகமுள்ள டைஸ் சொல்லும். நமது ஊரில் இதைப் புரியவைப்பது கஷ்டமே இல்லை: டீஎம்தான் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார், பிள்ளைகள் கூத்தர், கையில் ஏடு மட்டும் இல்லை, என்ன பாடுவார்கள் என்று அண்ணாவியாருக்கே தெரியாது. 2023 ஜனவரியில் இதன் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார்கள், ஆகவே காசும் பெரிய செலவில்லை.

நான் செய்த முதல் வில்லன் பெயர் இருள்வேந்தன். ஆயிரம் வருடம் தூங்கி எழுந்தவன், கறுப்புக் கவசம், எரிமலைக்குள் கோட்டை, உலகத்தை அழிப்பது ஒன்றே அவனுக்கு வேலை. ஏன் அழிக்கவேண்டும் என்று அவனையும் யாரும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. நாலு மாதம் அவன் பெயரை மட்டும் சொல்லிப் பயம் காட்டிக்கொண்டு வந்தேன். கடைசி நாள் கோட்டைக் கதவு திறந்தது, அவன் பேசுவதற்கு இரண்டு பக்க வசனம் எழுதி வைத்திருந்தேன், அரை வரி வாசிப்பதற்குள் அக்காவின் மகன், "அம்பு விடுறன் மாமா" என்றான். 20 விழுந்தது. அடுத்து கல்லடி ஊரிலிருந்து வருகிற பிள்ளை உருட்டினாள், அவளுக்கும் 20. அடுத்தடுத்து இரண்டு 20 விழ நானூற்றில் ஒரு தடவைதான் வாய்ப்பு, அது என் வில்லனின் தலையிலா விழவேண்டும்? மூன்றாவது சுற்றில் ஆள் சரிந்தான். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வருகிறவன், "மறுகா என்ன?" என்று கேட்டுவிட்டு வடைப் பையைத் தேடத் தொடங்கினான்.

இதில் கணக்குப் பிழை ஒன்று இருந்தது. ஐந்து பேர் சேர்ந்து ஒருவனை அடித்தால், அவன் ஒருதரம் கை ஓங்குவதற்குள் இவர்கள் ஐந்துதரம் ஓங்கிவிடுவார்கள், எத்தனை ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) கொடுத்தாலும் கரைந்துவிடும். அதனால்தான் 2014ஆம் ஆண்டு விதிநூலில் பெரிய பகைவர்களுக்கு லெஜெண்டரி அக்‌ஷன் என்று கொடுத்தார்கள், அடுத்தவர் முறை முடிந்ததும் இடையில் புகுந்து அவனும் ஒரு அடி அடிக்கலாம். கூட நாலு அடியாளையும் நிறுத்தினால் சரி. அதைத் திருத்துவது ஒரு பின்னேர வேலை. செத்தவன் யார் என்று ஒருவரும் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெரியப்பா அந்தக் காலத்தில் வடமோடிக் கூத்தில் துரியோதனன் ஆடியவர். அவரிடம் போய்ச் சொன்னேன். சிரித்துவிட்டு, "நாலு மாசமா வரவு இல்லாத ராசாவுக்கு ஆரடா அழுவான்?" என்றார். வரவு என்றால் கூத்தில் ஒரு பாத்திரம் முதன்முதலாகக் களரிக்குள், அதாவது ஆடுகளத்துக்குள், பாடி ஆடி வருவது.

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு வெளித்தது. கூத்தில் துரியோதனனை யாரும் கடைசி அறைக்குள் ஒளித்து வைப்பதில்லை. தருமனுக்கு வரவு உண்டென்றால் அவனுக்கும் உண்டு. அவனுக்கென்று தாளக்கட்டு, ஆட்டம், முடி, உடுப்பு எல்லாம் குறைவில்லாமல் உண்டு. களரிக்குள் வந்து தான் யார், தனக்கு என்ன வேண்டும் என்று பாடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான், சனம் அவனை விடியவிடியப் பார்த்துக்கொண்டிருக்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1960களில் நமது கூத்தை மேடைக்கேற்றிய காலத்தில், மௌனகுரு எழுதிய இராவணேசன் கூத்தில் இராவணனே நடுநாயகமாக நின்றான். அதைப் பார்த்து ஒருவரும் சீதையைத் தூக்கப் போகவில்லை என்பதையும் அந்தப் பெரியவருக்குச் சொல்லவேண்டும்.

பகடை என்றதும் சகுனிதானே ஞாபகம் வருவான். வியாசர் பாரதத்தில் சகுனி சூதாடி, அவ்வளவுதான். ஆனால் நமது சனம் வாய்வழியாகச் சொல்லும் கதையில், அவனுடைய தகப்பனையும் சகோதரர்களையும் சிறையில் போட்டு ஆளுக்கொரு பருக்கைச் சோறு கொடுக்கிறார்கள், எல்லோரும் தங்கள் பருக்கையைச் சகுனிக்கே ஊட்டி அவனை மட்டும் பிழைக்கவைத்துவிட்டுச் சாகிறார்கள், தகப்பனின் எலும்பில்தான் அவன் பகடை செய்கிறான். நூலில் இல்லாத கதையை ஏன் உண்டாக்கினார்கள்? ஒருவன் ஒரு குலத்தையே வேரறுக்க நினைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று கேட்ட சனம் அது. சகுனி செய்தது சரி என்று அந்தக் கதை சொல்லவில்லை, அவன் பகடையை எடுக்கும்போது நமக்குக் கை நடுங்கவைக்கிறது. எனக்கு இதைவிட வேறு பாடப்புத்தகம் தேவைப்படவில்லை.

அடுத்த கதையைத் தொடங்கும்போது வில்லனின் பலத்தை எழுதுவதற்கு முன்னால் அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதினேன்: இனி ஒரு வெள்ளத்திலும் ஒரு பிள்ளையும் சாகக்கூடாது. ஆள் ஒரு போடியார், நிறைய வயல் உள்ள பெரிய மனிதர். நமது மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம் என்றால் அவருடைய கற்பனை வாவி அதைவிடப் பெரியது. ஒரு மாரியில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் அடைபட்டு வெள்ளம் ஏறி மகள் போய்விட்டாள். அன்றிரவு வாவிக்கு அடியிலிருந்த ஏதோ ஒன்றோடு பேரம் பேசினார்: தண்ணீர் அவர் சொல்கேட்கும், பதிலுக்கு ஒவ்வொரு மாரியும் ஒரு ஊரை அவர் கொடுக்கவேண்டும். எந்த ஊர் என்று கணக்கெழுதித் தெரிவு செய்கிறார், ஆட்கள் குறைந்த ஊராகப் பார்த்து. அதுதான் அவருடைய நியாயம், கேட்டால் கணக்கேட்டை எடுத்துக் காட்டுவார்.

அவரை முதல் நாளே கொண்டுவந்தேன். வில்லனைப் பிள்ளைகள் கண்ணில் காட்டினால் உடனே வாளை உருவுவார்கள், அதனால் வாள் உருவ முடியாத இடத்தில் காட்டவேண்டும்: கோயில் திருவிழா, கலியாண வீடு, சந்தை. நான் அறுவடை முடிந்த புதிர்ச் சோற்றுக்கு அழைத்தேன். போடியார் தன் கையால் எருமைத் தயிர்ச் சட்டியைத் திறந்து பரிமாறினார், பேசாமல் நின்ற வேலைக்காரப் பெடியனை மகனே என்று கூப்பிட்டு இருத்தினார், பிள்ளைகளுடைய உடைந்த தோணிக்குப் பலகை கொடுத்தார். ஐந்து பேருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. பத்துக் கிழமைக்குப் பிறகு கணக்கேடு கையில் அகப்பட்டபோது விறாந்தையில் ஒரு சத்தமும் இல்லை. கல்லடிப் பிள்ளை மட்டும், "அந்தத் தயிரை நான் திண்டிருக்கக் கூடாது" என்றாள்.

அவருக்கும் ஒரு வரவு வைத்தேன். அவர் வரப்போகிறார் என்றால் வாவியில் மீன் பாடுவது (நமது வாவியில் மீன் பாடும் என்பார்களே, அதுபோல) நின்றுவிடும், நான் மேசையில் விரலால் மெல்ல ஒரு தாளம் தட்டுவேன். ஒருநாள் சும்மா பழக்கத்தில் தட்டிவிட்டேன், ஐந்து பேரும் வடையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று, வில்லன் வீரர்கள் வரும்வரை கதிரையில் காத்திருக்கக்கூடாது. போடியார் ஒவ்வொரு கிழமையும் என்ன செய்வார் என்று முன்கூட்டியே எழுதி வைத்தேன், யாரும் தடுக்காவிட்டால் அது நடக்கும். நடுவில் இவர்கள் புதையல் தேடிக் காட்டுக்குள் இரண்டு கிழமை அலைந்துவிட்டுத் திரும்பினார்கள். கணக்கில் இருந்த ஊரின் கூரைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. அக்காவின் மகன் அன்று என்னோடு கதைக்காமல் வீட்டுக்குப் போனான். கொஞ்சம் கூடிப்போய்விட்டதோ என்று எனக்கும் இருந்தது, ஆனால் திருப்பி எழுதவில்லை.

நமது ஊரில் இந்த விளையாட்டை நடத்துகிறவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பழைய விதிநூல்களில் ஓர்க் என்ற அரக்கர் போன்ற இனம் மொத்தமாகவே தீயது என்று போட்டிருக்கும், 2020இல் விளையாட்டை வெளியிடும் நிறுவனமே இதை மாற்றப்போவதாகச் சொன்னது. எங்கள் மேசையில் அது தொடக்கத்திலிருந்தே இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று நாம் சொல்லிக்கொள்கிற ஊர் இது. அந்தப் பேச்சு பொய்த்துப்போன வருடங்களையும் எங்கள் வயதுக்காரர் பார்த்திருக்கிறோம். ஆரையம்பதிப் பெடியனும் காத்தான்குடிப் பெடியனும் ஒரு தட்டில் வடை எடுக்கும் மேசையில், ஒரு இனம் முழுக்கக் கெட்டது, பார்த்த இடத்தில் வெட்டலாம் என்று கதை சொல்ல எனக்கு நாக்கு எழாது. வில்லன் ஒரு ஆளாக இருக்கட்டும், அவனுக்குப் பெயர் இருக்கட்டும். தொடங்குமுன் கதையில் என்ன வரக்கூடாது என்று எல்லோரிடமும் கேட்பதும் உண்டு. ஒரு பிள்ளை, "ஆக்களைக் கடத்துறது வேண்டாம்" என்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை, எழுதிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை ஐந்து பேரும் முகத்துவாரத்து மணல்திட்டில் போடியாரோடு நேருக்கு நேர் நின்றார்கள். அவரைக் கொன்றால் பேரம் முறியும், வெள்ளம் வரும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்குப் போகும், வாவியில் இறாலும் மீனும் சேர்ந்து போகும். இந்த இடத்தில் நான் நினைக்காத ஒன்று நடந்தது: வயல்காரர் வீட்டுப் பெடியன் வெட்டத்தான் வேண்டும் என்கிறான், வலைகாரர் வீட்டுப் பெடியன் தொடவே கூடாது என்கிறான், இரண்டு பேரும் தங்கள் வீட்டில் மாரிக்கு மாரி கேட்ட பேச்சை வரி பிசகாமல் மேசையில் கொட்டுகிறார்கள், நான் போடியாரின் குரலில் ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவைப்படவில்லை. எட்டு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டேன். படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி இன்னும் கால் மணித்தியாலம் சண்டை போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இது எங்கே போய் முடியுமோ என்று அந்தப் பெரியவர் கேட்டிருந்தார். எனக்கும் தெரியாது, வருகிற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத்தான் டைஸ் உருட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆரையம்பதி வாசகன்