செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கூட்டம், சாக்கடை, தெருவிளக்கு என்று வரிசையாக எழுதினால் போன வருட அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாம். அதனால் அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது, வைகாசியில் மட்டும் கூடவில்லை, பாதிப் பேர் கல்யாண வீடுகளில் இருந்தோம். விளக்குக்கு மனு கொடுத்தோம், சில எரிகின்றன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த வருடம் உருப்படியாகச் செய்த வேலை என்றால் ஊர் விவரக் குறிப்பு ஒன்றுதான். சென்ற பொதுக்குழுவில், நம் ஊரில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறோம் என்று ஒருவர் கேட்டார். பேரூராட்சிப் பலகையில் இருக்கிறதே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது, அது 2011 மக்கள்தொகைக் கணக்கு. அந்த வருடம் பிறந்த பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், அப்படியே நின்றுவிட்டது. 2022 பிப்ரவரியில் நாம் வார்டு உறுப்பினர்களுக்கு ஓட்டுப் போட்டதுகூட அந்தப் பழைய எண்ணை வைத்துப் பிரித்த வார்டுகளில்தான்.

சரி, நாமே தெருத்தெருவாகப் போய் எழுதுவோம் என்று நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தது என் தவறு. கீழத்தெருவில் ஒரு பாட்டி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதும் யோசிக்காமல் ஆறு என்றார். உள்ளே அவரைத் தவிர யாரும் இல்லை. மூத்தவன் திருப்பூரில், இளையவன் சென்னையில், பேரன் வெளிநாட்டில். ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினார், அதில் ஆறு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்குப் படிவம் வந்தபோது நான்கு வந்ததாம். அடுப்பில் இருந்தது ஒரு ஆளுக்கான சோறு. இதில் எதை எழுதுவது என்று எங்களுக்குள் வாசலிலேயே வாக்குவாதம் ஆகிவிட்டது. "பொங்கலுக்கு வந்து எண்ணிக்கோ, சரியா இருக்கும்" என்று பாட்டி தீர்ப்புச் சொன்னார்.

அரசு வழி வேறு. 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுத்தார்கள். வழக்கமாக இங்கே இருப்பவர், அந்த நாட்களில் ஒரு நாளாவது இருந்தால் இங்கே கணக்கு. முழுக்க வெளியூரில் இருந்தால் அந்த ஊர்க் கணக்கு. அதாவது பாட்டி வீட்டில் ஒன்று. இதே விதிப்படி, ஊருக்கு வெளியே மில் பின்புறத்துத் தகர அறைகளில் இருக்கும் வடமாநிலப் பிள்ளைகள் நம் ஊர் ஆட்கள். அவர்கள் நம்மூர் ரேஷன் கார்டிலும் இல்லை, நம்மூர் ஓட்டுப் பட்டியலிலும் இல்லை. குழாயடியில் மட்டும் இருக்கிறார்கள். அவர்களை எழுத வேண்டாம் என்று செயற்குழுவில் ஒரு குரல் எழுந்தது. நான் எழுதத்தான் வேண்டும் என்றேன், எழுதியும்விட்டோம். மனத்தாங்கல் உள்ளவர்கள் என்னிடமே பேசலாம்.

இன்னொரு வேடிக்கை, நாம் டவுனா கிராமமா என்பது. நம்மைப் பொறுத்தவரை வயலும் கண்மாயும் சுற்றியிருக்கும் பெரிய கிராமம்தான். ஆனால் பேரூராட்சி என்பதால் சட்டப்படி நகர்ப்புறம். 2004இல் பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சி என்று மாற்றி, 2006இல் திரும்பப் பேரூராட்சி ஆக்கினார்கள். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. பேரூராட்சி அந்தஸ்து இல்லாத ஊரையும் கணக்கெடுப்பில் நகரம் என்று சேர்ப்பதுண்டு. அதற்கு மக்கள்தொகை 5,000 இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வசிக்க வேண்டும், வருடத்தில் ஆறு மாதமாவது உழைக்கும் ஆண்களில் 75 சதவீதம் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். ஆண்கள் மட்டும் என்பதைக் கவனியுங்கள். நாற்று நடுகிற பெண்கள் எத்தனை பேர் இருந்தாலும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். நகர்ப்புறம் என்ற பெயரால் நூறு நாள் வேலையும் நமக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து ஊராட்சிப் பெண்கள் வேலைக்குப் போகையில் நம் தெருப் பெண்கள் வேடிக்கை பார்த்ததை எல்லாரும் அறிவோம்.

பிள்ளைகள் குறைந்திருப்பதும் நோட்டில் தெரிகிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை என்பது 2020 மாதிரிப் பதிவுக் கணக்கில் (சில இடங்களை மட்டும் எடுத்து அரசு பார்க்கும் பிறப்பு, இறப்புக் கணக்கு) தமிழ்நாட்டின் நிலை. சில தெருக்களில் தொட்டில் கட்டிய வீட்டைத் தேட வேண்டியிருந்தது.

இனி அடுத்த வருட வேலை. அரசின் வீட்டுப் பட்டியல் எடுப்பு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் நடக்கும். ஆள் கணக்கு 2027 பிப்ரவரியில், மார்ச் 1 அதற்குக் குறிப்பு நாள், அதாவது அந்த நாள் நிலவரப்படிதான் எண்ணிக்கை. இந்த முறை செல்போனில்தான் பதிவு, நாமே நிரப்பவும் வழி உண்டு, சாதியும் கேட்பார்கள். பூட்டிய வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு உறவினர்கள் இப்போதே சொல்லி வைக்கவும்.

நம் நோட்டில் இன்னும் இரண்டு தெரு பாக்கி. வண்டி வைத்திருப்பவர், பாட்டிகளிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்தவர் யாராவது ஞாயிறு காலை என்னுடன் வர முடிந்தால் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்