மிச்சிகன் டவுன்ஷிப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே,

டவுன்ஷிப் என்றாலே நமக்கு நெய்வேலிதான் நினைவுக்கு வரும். கம்பெனி கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸ், நேர் நேரான தெருக்கள். இங்கே வீடு வாங்கியபோது பில்டர் வைத்த பெயர் என்றே நானும் நினைத்தேன். அது நம்மை ஆளும் ஊராட்சி என்று புரிய இரண்டு வருடம் ஆனது.

தபால் முகவரியும் குழப்பும். பிட்ஸ்ஃபீல்டு டவுன்ஷிப்பில் பலருடைய முகவரியில் ஆன் ஆர்பர் என்றுதான் இருக்கும். ஆனால் அவர்கள் ஆன் ஆர்பர் நகர வரி கட்டுவதில்லை, அந்த நகரத் தேர்தலில் ஓட்டும் கிடையாது.

1785-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாக நிலத்தை அளந்து, 36 துண்டுகளாக்கி, 16-ஆம் துண்டைப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினார்கள். பெரும்பாலும் அந்தக் கோடுகளை ஒட்டித்தான் மிச்சிகனில் 1,200-க்கும் மேற்பட்ட டவுன்ஷிப்புகள் இன்றும் நிற்கின்றன. சூப்பர்வைசர், கிளார்க், ட்ரெஷரர், டிரஸ்டிகள் எல்லோரையும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கிளார்க் என்றதும் குமாஸ்தா என்று எண்ணிவிடாதீர்கள். டவுன்ஷிப்பில் தேர்தலை நடத்துபவரே அவர்தான்.

எல்லாம் அவர்கள் கையில் இல்லை என்பதும் உண்மை. ரோட்டில் பள்ளம் என்று போய்க் கேட்டேன். மிச்சிகனில் டவுன்ஷிப் ரோடுகள் 1930-களிலேயே கவுண்டியிடம், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகத்திடம், போய்விட்டன என்று பொறுமையாகச் சொன்னார்கள்.

நிலம் அப்படியில்லை. பக்கத்து வயலில் வீடு வருமா, கிடங்கு வருமா, நாம் கோயில் கட்ட நினைத்தால் எத்தனை கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலான டவுன்ஷிப்புகளில் அவர்கள் கூட்டத்தில்தான் முடிவாகிறது. அறிவிப்பு முன்பே வருகிறது. அப்போது போகாமல், மண் அள்ளும் வண்டி வந்தபிறகு வாட்ஸ்அப் குழுவில் குமுறி என்ன பயன்?

வரியும் அப்படித்தான். வீட்டின் மதிப்பீடு தபாலில் வந்ததும், மார்ச் மாதம் கூடும் 'போர்டு ஆஃப் ரிவ்யூ'வில் முறையிடலாம். உட்கார்ந்து கேட்பவர்கள் ஊர்க்காரர்கள்தான். எங்கள் வீட்டில் இல்லாத ஒரு குளியலறையைக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். காகிதத்தைக் காட்டினேன், திருத்திவிட்டார்கள். அந்த மாதத்தை விட்டால் அந்த வருட மதிப்பீட்டை மாற்றுவது பெரும்பாடு.

"நமக்குத்தான் குடியுரிமை இல்லையே" என்கிறீர்கள். ஓட்டுப் போடத்தான் அது வேண்டும். 1976-ஆம் ஆண்டின் திறந்த கூட்டங்கள் சட்டப்படி யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். ஹெச்-1பி விசாவில் இருப்பவரும் பேசலாம், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் பேசலாம்.

எங்கள் டவுன்ஷிப் போர்டு கூடும் நாட்களில் நான் பின்வரிசையில் இருப்பேன். உங்கள் டவுன்ஷிப் கூட்டம் எந்த நாளில் என்பதை இணையதளத்தில் பாருங்கள். பிள்ளைகளை எங்கே விடுவது என்று யோசிக்க வேண்டாம், கூட்டிக்கொண்டே போங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்